‘படம் எடுக்க வாங்க’ என்று ரேடியோவில் கூப்பிட்டேன்

வானொலி அறிவிப்பாளர் வேலை என்பது யார் கேட்கிறார்கள் என்று தெரியாமல் பேசுவதும், அது அவர்கள் காதில் என்னவாக விழுந்தது என்பது பிறகு தெரிந்து முழிப்பதும்தான். மைக் முன்னால் உட்கார்ந்து பிழைப்பவர்கள் உங்களில் இருந்தால், என் கஷ்டம் புரியும்.

கடத்தூர் பக்கம் ஒரு சின்ன சமுதாய வானொலி எங்களுடையது. கம்பைநல்லூரைத் தாண்டினால் கரகரக்கும். போன வருடம் வெளிநாட்டிலிருந்து எலேனா என்றொரு பெண் வந்தார். ஊர் ஜனங்களே தங்கள் வாழ்க்கையைக் குறும்படமாக எடுக்க ஒரு வாரம் இலவசமாகச் சொல்லித்தரும் திட்டம். பத்துப் பேராவது சேராவிட்டால் பயிற்சி வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். ஆள் சேர்க்கும் பொறுப்பு என் தலையில்.

முழங்கால்

“இலவசமாகப் படம் எடுக்க வாங்க” என்று முதல் நாள் ஆறு தடவை சொன்னேன். மறுநாள் காலை ஒரு பெரியவர் பஸ் பிடித்து வந்து, வேட்டியை முட்டிக்கு மேல் சுருட்டிக்கொண்டு ஸ்டூடியோ வாசலில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருந்தாராம்.

இது சினிமா மாதிரி படம் என்று பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “சினிமாவுல வேணாலும் காட்டிக்குங்க, எனக்கொன்னும் வெக்கமில்லீங்க. வலி எங்கன்னு மட்டும் பாத்துச் சொல்லிருங்க.”

சரி

அடுத்து எலேனாவையே நேரலையில் பேச வைத்தோம். அவருக்குத் தெரிந்த தமிழ் இரண்டே. ஒன்று, “உங்க கதையைச் சொல்லுங்க.” இன்னொன்று, “சரி.”

முதல் அழைப்பு அதியமான்கோட்டைக்காரர் ஒருவருடையது. உறவுக்காரர் வீட்டுக்குக் கடத்தூர் வந்த இடத்தில் எங்கள் நிகழ்ச்சி காதில் விழுந்ததாம். தன் தெருவுக்கு விளக்கு கேட்டு எழுதிய மனுக்களை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார். எலேனா ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் தலையாட்டி, “சரி” என்றார். நான் குறுக்கே புகப் பார்த்தேன், போனில் இருந்தவர் விடவில்லை. “மேடம், நீங்க பேசாதீங்க. இத்தனை வருசத்துல எனக்குச் சரின்னு சொன்ன மொத ஆளு இவங்கதான்.”

பெயர்ப் பட்டியல்

ஒரு வாரத்தில் சேர்ந்தவர்கள் நான்கு பேர். பெயர்களை வாசித்தால் மற்றவர்களுக்கும் ஆசை வரும் என்றார் எங்கள் மேனேஜர். வாசித்தேன். மூன்றாவது பெயர் சித்ரா, மரவள்ளிக் காட்டில் கூலி வேலை பார்ப்பவர். அவர் வீட்டில் யாரிடமும் சொல்லாமல் சேர்ந்திருந்தது எனக்குத் தெரியாது.

அன்று மதியமே அவர் கணவர் மாதேஷ் பைக்கில் வந்து இறங்கினார். டீக்கடையில் நாலு பேர் நடுவில் கேட்டிருக்கிறார். கத்தவில்லை. “பேரை எடுத்துருங்க மேடம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஒரு குடும்பத்தில் சண்டை மூட்டிவிட்டேனே என்று சாயங்காலம் காட்டுக்கே தேடிப்போய் சித்ராவிடம் மன்னிப்புக் கேட்டேன். பெயரை எடுத்துவிடட்டுமா என்றும் கேட்டேன்.

அவர் கை மண்ணைத் தட்டிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். “எம்பேரு ரேடியோவுல வந்தது இதான்க்கா மொதத் தடவை. அதை எடுத்தரட்டுமான்னு கேக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க?”

கடைசி நாள்

சித்ரா ஏழு நாளும் வந்தார். மாதேஷ் அந்த ஏழு நாளும் அவரிடம் பேசவில்லை.

கடைசி நாள் பஞ்சாயத்து மண்டபத்தில் எல்லார் படத்தையும் போட்டோம். மாதேஷும் வந்து கதவை ஒட்டி நின்றுகொண்டார். சித்ராவின் படம் மூன்று நிமிடம், மாட்டுக் கொட்டகைத் தடுப்புக்குப் பின்னாலிருந்து எடுத்தது. கன்று போட முடியாமல் பசு திணறுகிறது. மாதேஷ் வெறும் உடம்போடு மண்டி போட்டு, அதன் வயிற்றை நீவிக்கொண்டே, அவர்கள் வீட்டுக் கன்னடத்தில் கொஞ்சிக் கொஞ்சிப் பேசுகிறார். கன்று விழுந்ததும் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொள்கிறார். அவ்வளவுதான் படம்.

விளக்கைப் போட்டேன். மாதேஷ் நேராக நடந்து வந்து சித்ரா முன்னால் நின்றார். ஏழு நாளைக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு இது: “சொல்லியிருந்தா சட்டையாவது போட்டிருப்பேன்ல?”

என் அறிவிப்பைக் கேட்டு மொத்தம் பதினொரு பேர் சேர்ந்தார்கள். அதில் எத்தனை பேர் அதைச் சரியாகப் புரிந்துகொண்டு வந்தார்கள் என்று நான் இன்றுவரை யாரிடமும் விசாரிக்கவில்லை.