கோதுமை ஆகாதவளின் புதுநன்மை

எங்கள் ஊரில் உடம்பு சரியில்லாதவர்களுக்குத்தான் கோதுமை கொடுப்பார்கள். சர்க்கரை வந்துவிட்டால் ராத்திரிக்கு இரண்டு சப்பாத்தி, காய்ச்சல் என்றால் பாலில் நனைத்த ரொட்டி, வயதானவர்களுக்கு ரவைக் கஞ்சி. கோதுமையைத் தின்றே உடம்பைக் கெடுத்துக்கொண்டவள் என்ற பெருமை பாகூர் பக்கத்தில் எனக்குத் தெரிந்து எனக்கு ஒருத்திக்குத்தான் இருந்தது. அப்போது எனக்கு ஒன்பது வயது. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. சாப்பிட்டு முடித்ததும் சுருண்டு படுத்துக்கொள்வேன். பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், மாதா கோயில் எண்ணெய் தடவினார்கள், கண்பட்டிருக்கிறது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். கடைசியில் புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்து, தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, ஆயுசுக்கும் கோதுமை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். ரத்த சொந்தத்தில் வேறு யாருக்காவது இருக்கலாம், எல்லோரும் ஒருமுறை வந்து காட்டுங்கள் என்றும் டாக்டரம்மா சொன்னார். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அம்மாவுக்கு ஒரே நிம்மதி. "அவ்ளோதானா? நாம இன்னா வடக்கத்திக்காரங்களா, தெனம் சப்பாத்தி துன்ன?" என்றாள். வீட்டில் இருந்த அரைக் கிலோ கோதுமை மாவைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் செய்தாள். நோய் தீர்ந்தது என்று எல்லோரும் நம்பினோம்.

அந்த நம்பிக்கைக்கு முட்டுக்கொடுத்தவர் அப்பா. திருபுவனையில் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. கம்பெனி பஸ்ஸில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். அந்த பஸ்ஸில் பேசப்படும் உலக விஷயம் அத்தனையும் அவருக்கு அத்துப்படி. மைதாவைப் பற்றியும் அங்கே தீர்ப்பாகியிருந்தது. "மைதா மரவள்ளிக் கெழங்குல செய்றது. கோதுமைக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது" என்றார். அதனால் பரோட்டா தப்பித்தது. ரவை வெள்ளையாக இருந்ததால் அதுவும் தப்பித்தது. சேமியா பாயசத்தில் போடுகிற பொருள், அதைப் போய் யார் சந்தேகப்படுவார்கள்? கோதுமையை விட்டுவிட்ட பிள்ளைக்குச் சத்து வேண்டாமா என்று காலையில் ரவை உப்புமாவும் சாயங்காலம் பிஸ்கட்டும் கூடுதலாகவே கொடுத்தார்கள். என் வயிறு இன்னும் கொஞ்சம் பெரிதானது.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, பிள்ளை என்ன சாப்பிடுகிறாள் என்று டாக்டரம்மா கேட்டார். அம்மா பெருமையாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாதியிலேயே டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அம்மா பரோட்டாவுக்கு வந்தபோது நெற்றியில் கை வைத்துக்கொண்டார். அதெல்லாமே கோதுமைதான் என்று தெரிந்தபோது அப்பா சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசிப் படத்தை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருந்தார். வீடு வந்து சேரும் வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் பேச வேண்டியதையும் சேர்த்து அம்மா பேசிக்கொண்டு வந்தாள்.

பரோட்டா போனது எனக்குச் சாதாரண இழப்பு இல்லை. பரோட்டா என்றால் எனக்கு மாமா. அம்மாவின் தம்பி, பெயிண்ட் வேலை செய்பவர், கல்யாணம் ஆகவில்லை, இரண்டு தெரு தள்ளித் தனியாக இருந்தார். சனிக்கிழமை கூலி வாங்கியதும் முதலில் சாராயக் கடை, அப்புறம் பரோட்டாக் கடை, அப்புறம் எங்கள் வீடு. கையில் எனக்கென்று சூடாக ஒரு பொட்டலம் இருக்கும். குடித்துவிட்டு உள்ளே வரக் கூடாது என்பது அம்மாவின் சட்டம். குடிக்காத நாளிலும் அந்தச் சட்டம் தளரவில்லை. வாசலில் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துத்தான் தட்டு கொடுப்பாள். மாமா ஆளும் என்னைப் போலவே குச்சி. சாப்பிட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருப்பார். "குடிச்சிக் குடிச்சிக் கொடலு வெந்து கெடக்கு" என்பாள் அம்மா. ஊரும் அதையேதான் சொன்னது.

பரோட்டாவுக்கு ஈடு கண்டுபிடிக்க அம்மா எடுத்த முயற்சிகளைச் சொன்னால் ஒரு நாள் போதாது. அரிசி மாவில் செய்தாள். அது கல்லிலிருந்து எடுக்கும்போதே ஓடு மாதிரி உடைந்தது. பொறுக்கி எடுத்துத் தின்றோம். அப்பா சொன்ன கிழங்கைச் சும்மா விடக் கூடாது என்று மரவள்ளி மாவிலேயே செய்து அவருக்கு முதல் துண்டைக் கொடுத்தாள். அவர் அதை நெடுநேரம் மென்றுகொண்டிருந்தார். கேழ்வரகில் செய்தது கறுப்பாக இருந்தது, நான் அழுதேன். கடைசியில் வழி சொன்னது மாமாதான். "அக்கா, பரோட்டாவுல இன்னா இருக்கு? எல்லாம் சால்னாதான். இடியாப்பத்தப் பிச்சிப் போட்டுக் கொத்துனா இவளுக்கு இன்னா தெரியப்போவுது" என்றார். அப்படியே ஆயிற்று. சனிக்கிழமை மாமா சால்னாவை மட்டும் வாங்கி வருவார். "மைதா கீதா கரைச்சி ஊத்தறியா?" என்று பரோட்டா மாஸ்டரிடம் அவர் வாராவாரம் விசாரணை நடத்தியதில் அந்த மாஸ்டர் இவரைக் கண்டாலே அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாராம். அம்மா இடியாப்பத்தை வெங்காயம் போட்டுத் தோசைக்கல்லில் கொத்துவாள், நான் சால்னாவை ஊற்றிக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடுவேன். மாமா வாசலில் உட்கார்ந்து தன் பரோட்டாவைத் தின்பார்.

இப்படி ஒரு வழியாக வயிறு அடங்கி வந்த நேரத்தில்தான் புதுநன்மை வந்தது. மாதா கோயில் பூசையில் சாமியார் கொடுக்கும் அப்பத்தை முதல் முறையாக வாங்குவதுதான் புதுநன்மை. என் வயசுப் பிள்ளைகள் எல்லோருக்கும் அந்த வருஷம். வெள்ளைக் கவுன் தைத்து வந்துவிட்டது, தலைக்கு வைக்கிற பூமுடி வந்துவிட்டது, சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயில் வகுப்பில் சிஸ்டர் கேட்டார், அப்பம் எதனால் செய்யப்படுகிறது? கேள்வியும் பதிலும் எங்களுக்கு மனப்பாடம். எல்லோரோடும் சேர்ந்து தொண்டை கிழியக் கத்தத் தொடங்கிய நான், கலப்படமில்லாத என்பது வரை வந்து நின்றுவிட்டேன். மற்றவர்கள் கோதுமை மாவினால் என்று சொல்லி முடித்தார்கள்.

பக்கத்தில் இருந்தவளிடம் மெதுவாகச் சொன்னேன். அவள் யோசிக்கவே இல்லை. "அப்ப நீ மோட்சத்துக்குப் போவ முடியாதுடி" என்றாள். அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஊரே மோட்சத்துக்குப் போய்விட நான் மட்டும் கேட்டுக்குப் பக்கத்தில் மாமாவோடு உட்கார்ந்திருப்பதை நினைத்து நினைத்து அழுதேன்.

அம்மாவுக்கு மோட்சத்தை விடக் கவுன் பெரிய கவலையாக இருந்திருக்கும். ஆனால் அவள் சும்மா உட்காரவில்லை. பரோட்டாவுக்கே மாற்று கண்டவள், அப்பத்துக்குக் காண மாட்டாளா? அரிசி மாவைத் தண்ணியாகக் கரைத்து, தோசைக்கல்லில் மெல்லிசாக ஊற்றி, டானிக் பாட்டில் மூடியால் வட்டம் வட்டமாக வெட்டினாள். ஒரு எவர்சில்வர் டப்பா நிறைய வந்தது. வழியில் பார்த்த மாமா ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு பத்தல" என்றார். அம்மா அவரைத் திட்டிக்கொண்டே என்னையும் இழுத்துக்கொண்டு சாமியார் வீட்டுக்குப் போனாள்.

சாமியார் டப்பாவைத் திறந்து பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டது எனக்கே தெரிந்தது. அப்பம் என்றால் கோதுமைதான், அதை மாற்றத் தனக்கு அதிகாரம் இல்லை என்றார்.

"ஏன் சாமி, ஏசுசாமி நம்ம பாகூர்ல பொறந்திருந்தாருன்னா சோறுதான துன்னிருப்பாரு? அப்ப சோத்ததான எடுத்துக் குடுத்திருப்பாரு?"

சாமியார் டப்பாவை மெதுவாக மூடினார். இந்தக் கேள்வியை அவர் படித்த இடத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பிறகு, வேறு வழி இருக்கிறது என்றார். அப்பம் வாங்க முடியாதவர்கள் திராட்சை ரசத்தை மட்டும் வாங்கிக்கொள்ளலாம், அதுவும் முழு நன்மைதான், இவளுக்குத் தனியாக ஒரு சின்னக் கிண்ணம் வைக்கிறேன் என்றார்.

அம்மா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "ஒயினா? அந்த நாத்தம் வாசப்படி தாண்டக் கூடாதுன்னு கூடப் பொறந்தவனையே வெளிய ஒக்கார வெச்சிச் சோறு போடறன் சாமி. எம் பொண்ணு வாயில நீங்களே ஊத்தறன்றீங்களே!"

பூசையில் அது ஆண்டவருடைய ரத்தம் என்று சாமியார் எடுத்துச் சொன்னார். அம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும் மனசு கேட்கவில்லை. டப்பாவை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். விஷயம் கேள்விப்பட்ட மாமா கேட்டைப் பிடித்துக்கொண்டு இருமல் வருகிற வரை சிரித்தார். "ஒம்போது வயசுல ஆரம்பிக்கறாடா எம் மருமவ, நானே பதினேழுலதான்" என்றார். அம்மா சொம்புத் தண்ணீரை அவர் மேல் ஊற்றினாள். ஆனால் நான் விடவில்லை. எனக்கு மோட்சம் வேண்டும் என்று தரையில் புரண்டேன். கடைசியில், நாக்கு நனைந்தால் போதும், அதற்கு மேல் போகக் கூடாது, முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன் என்ற நிபந்தனையோடு அம்மா ஒப்புக்கொண்டாள்.

புதுநன்மை அன்று மற்ற பிள்ளைகள் நாக்கை நீட்டி அப்பம் வாங்கினார்கள். நான் மட்டும் கிண்ணத்தில் வாய் வைத்தேன். பூசையில் தருவது நன்னாரி சர்பத் மாதிரி இருக்கும் என்று எண்ணியிருந்தேன். புளிப்பும் கசப்பும் எரிச்சலுமாகத் தொண்டையில் இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்து, முகம் கோணி, கோயில் முழுக்கக் கேட்கிற மாதிரி இருமினேன். பெண்கள் பக்கம் முந்தானைக்குள் சிரித்தார்கள். ஆண்கள் பக்கத்தில் மட்டும் ஒருவரும் சிரிக்கவில்லை. அவர்கள் எல்லோரும் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பூசை முடிந்ததும் சாமியாரிடம் முதல் ஆளாகப் போய் நின்றவர் மாமா. அவர் கோயிலுக்குள் நுழைந்தே வருஷக் கணக்காகிவிட்டது. "சாமி, எனக்குங்கூட இந்தக் கோதும ஒத்துக்கல. துன்னா வயிறு கொல்லுது. ஞாயித்துக்கெழம எனக்கும் ஒரு கிண்ணம் வெச்சிடுங்க" என்றார், முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டு. சுற்றி நின்ற இரண்டு மூன்று பேர் தங்களுக்கும் கொஞ்ச நாளாக அப்படித்தான் இருக்கிறது என்றார்கள். சாமியார் லேசுப்பட்டவர் இல்லை. "முதல்ல செஞ்ச பாவத்தயெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணு. அப்புறம் ஆஸ்பத்திரியில டெஸ்ட் எடுத்துச் சீட்டு கொண்டாந்து காட்டு, வெக்கறன்" என்றார். மற்றவர்களுக்கு அந்த நிமிஷமே குணமாகிவிட்டது.

மாமா மட்டும் போனார். வேலைக்கே வாரத்தில் பாதி நாள் போகாத மனிதர், விடியற்காலை பஸ் பிடித்துப் போய் வரிசையில் நின்று, நான் இன்னாருடைய தாய்மாமன் என்று சொல்லி ரத்தம் கொடுத்தார். இன்னொரு நாள் போய்க் குழாயும் விட்டுக்கொண்டார். இலவச ஒயினுக்காக ஒருத்தன் குழாயை விழுங்குகிறான் பார் என்று தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

சீட்டு வந்த அன்று சாயங்காலம் மாமா தெருமுனையிலிருந்தே கையை ஆட்டிக்கொண்டு வந்தார். அவருக்கும் அதேதான். எனக்கு என்னவோ அதுவே அவருக்கும். பல வருஷமாக இருந்திருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னாராம். சந்தோஷத்தில் அன்றைக்குச் சாராயக் கடைக்குப் போகவே மறந்துவிட்டார்.

"பாத்தியாக்கா! கொடல்ல இருக்கறது குடியால இல்லியாம். பரோட்டாவாலயாம்! ஊரே சேந்து என் சாராயத்து மேல பழி போட்டீங்களே!" என்றார் கேட்டுக்கு வெளியே நின்று. குடியையும் விடச் சொன்னார்கள் என்பதை ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

அம்மா திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "உள்ள வா" என்றாள். மாமா தனக்குப் பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். "ஒன்னத்தான்டா" என்றாள். கூடத்தில் பாய் போட்டு, எனக்குச் செய்து வைத்திருந்த கொத்து இடியாப்பத்தை அவருக்கும் வைத்தாள்.

"இத்தினி வருசமா வயிறு வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடா?"

"சொன்னா குடிச்சதாலன்னுவ" என்றார் மாமா, சாப்பிட்டுக்கொண்டே. அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சால்னா இல்லையா என்றும் கேட்டார்.

அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். வெகு நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தேன். இடியாப்ப அச்சைக் கையில் பிடித்துக்கொண்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. இதுவரை எனக்கு ஒருத்திக்குப் பிழிந்தாள், இனிமேல் மாமாவுக்கும் சேர்த்துப் பிழிய வேண்டும்.

"அழாதம்மா, நானும் புழியறன்" என்றேன்.

அம்மா என்னை இழுத்து அணைத்துக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள். கை ரொம்பத்தான் வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டேன்.