எல்ம்விக் எங்கே இருக்கிறது

அமெரிக்காவில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் என் வீட்டுக்கு வந்திருந்தபோது வாப்பா மவுத்தானார். மறுநாளே அடக்கிவிட்டோம். தங்கையின் பிரசவத்துக்காக ஊரிலேயே நின்றுவிட்ட உம்மா அங்கே இத்தா இருக்கத் தொடங்கினார். நான்கு மாதம் பத்து நாள் வீட்டை விட்டு வெளியே வரக்கூடாது. போனுக்குத் தடையில்லை. தினமும் கேட்டார்.

"எந்த ஊர்ல அடக்கியிருக்கு? அந்த இடத்தப் பாக்க வரணும்னு விசாவுக்குப் போனா கேப்பாங்கல்ல?"

நியாயமான கேள்விதான். கபர்ஸ்தானின் தபால் முகவரியில் ஓர் ஊர். வரி கட்டுவது இன்னோர் ஊருக்கு. அடக்கம் செய்த காகிதத்தில் மூன்றாவதாக, எல்ம்விக். அந்தப் பெயர் போன் மேப்பில் இல்லை. நேரில் போனால் ஒரு கிடங்கும் டர்ன்பைக் நெடுஞ்சாலையின் இரைச்சலும்தான்.

ஒன்றைப் பிடித்தால் எனக்கு விடத் தெரியாது. சனிக்கிழமைகளில் நூலகத்தில் போய் உட்கார்ந்தேன். பழைய வரைபடம் ஒன்றில், ஒரு மாவு மில்லும் ஐந்து வீடுகளுமாக எல்ம்விக் அகப்பட்டது. எல்ம் என்பது மரம். விக் என்றால் பழைய ஆங்கிலத்தில் பண்ணை. இங்கிலாந்திலிருந்து குடிவந்தவர்கள், நாம் ஊறுகாய் கொண்டுவருவதுபோல, ஊர்ப்பெயரைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த மூல ஊர் எங்கே என்று அங்குள்ள வரலாற்று ஆர்வலர் ஒருவருக்கு எழுதினேன். ஆடு மேய்ப்பதற்காக ஊர்க்காரர்களை எப்போதோ கிளப்பிவிட்டார்கள், இப்போது வெறும் புல்மேடு என்று பதில் வந்தது. உற்சாகமாக உம்மாவிடம் சொன்னேன்.

"இல்லாத ஊரோட பேர இன்னொரு இல்லாத ஊருக்கு வச்சிருக்காங்க. அங்க கொண்டுபோய் உங்க வாப்பாவ வச்சிருக்கே."

எனக்கு வெட்கமாக இருந்தது.

இத்தா முடிந்ததும் உம்மா விசா நேர்காணலுக்குச் சென்னை போனார். தபால் ஊர், வரி ஊர், எல்ம்விக், மூன்றையும் போனிலேயே மனப்பாடம் செய்ய வைத்திருந்தேன். வெளியே வந்ததும் அழைத்தார். விசா கிடைக்கவில்லை.

"ஊர் பேரு கேட்டாங்களா?"

"இல்ல. திரும்பி வருவீங்களான்னு கேட்டாங்க. இன்ஷா அல்லாஹ்ன்னேன். கண்டிப்பா வருவீங்களான்னு மறுபடி கேட்டாங்க. அல்லாஹ் நாடினா வருவேன்னேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "கான்ஃபிடன்ட்டா வருவேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா உம்மா?"

"எப்படிச் சொல்றது? மூணு மாசத்துல வந்துடுறேன்னு சொல்லிட்டுத்தான் உங்க வாப்பாவும் போனாங்க."