எச்சில் தண்ணீர்

வெல்டா ப்ரூயிட் இருபத்தாறு வருடம் எச்சில் தண்ணீரில் மீன் பிடித்தவள். படகின் முன்மேடை அவள் கணவன் டோயலுக்கு. மோட்டார் மிதி அவன் காலடியில், மீன் காட்டும் திரை அவன் மூக்குக்கு நேரே. நல்ல இடம் ஒன்று வந்தால் முதலில் அவன்தான் வீசுவான். ஒரு தடவையா, ஆறேழு தடவை. அங்கிருந்த மீனெல்லாம் மிரண்டு ஓடிய பிறகு படகு மெல்ல நகரும். பின்னால் நிற்கிற வெல்டாவுக்கு அப்போதுதான் அந்த இடம் கிடைக்கும். இதற்குத் தம்பதிகள் போட்டி என்று பெயர். டென்னசி ஆற்றின் அலபாமாக் கரையில் ஒவ்வொரு அக்டோபரிலும் நடக்கும்.

டோயல் வீடு வீடாக கேஸ் நிரப்பும் லாரி ஓட்டுகிறவன். அந்த வேலையில் அவனைக் குறை சொல்ல முடியாது. மீன் விஷயத்தில் மட்டும் அவன் சுத்த தண்டம். தண்டமாக இருப்பது குற்றமில்லை, ஊரில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் இவன் தண்டமாக இருந்துகொண்டு பாடம் நடத்துவான். படகுத்துறையில் நின்றுகொண்டு, பெல்ட்டில் கட்டைவிரலை மாட்டிக்கொண்டு, குளிர் தொடங்கினால் பாஸ் மீன் என்ன நினைக்கும், எங்கே படுக்கும் என்று அளந்து விடுவான். கேட்கிறவர்கள் தலையை ஆட்டிவிட்டு, அவன் சொன்ன திசைக்கு நேர் எதிராகப் படகை விடுவார்கள். அந்த வகையில் அவனால் ஊருக்கு உபகாரம்தான்.

வெல்டா பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடுகிறவள். திரும்பி வரும் தட்டைப் பார்த்தே, எந்தப் பிள்ளை எதைத் தின்றது, எதைத் தொடவில்லை என்று சொல்லிவிடுவாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது, யாரிடமும் சொன்னதில்லை. துறையில் ராய்ஸ் நடத்தும் தூண்டில் கடைச் சுவரில் ஒரு மரப்பலகை உண்டு. அந்தந்த வருடப் போட்டியின் பெரிய மீனைப் பிடித்தவர் பெயர் அதில் ஏறும். முப்பத்தொரு பெயர், முப்பத்தொன்றும் ஆண்கள். அதில் தன் பெயரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த ஆசை.

அந்த அக்டோபர் போட்டியன்று டோயல் விடிந்ததும் படகை ஓடையின் கடைக்கோடிக்கு விரட்டினான். குளிர் வந்தால் வெள்ளிக் குஞ்சுமீன் கூட்டம் ஆற்றிலிருந்து ஓடைக்குள் ஏறும், பின்னாலேயே பாஸும் போகும் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருந்தான். அது உண்மைதான். அதே வீடியோவைப் பார்த்த இன்னும் இருபது படகுகள் அங்கே முன்கூட்டியே வந்து நின்றன. ஒன்பதரை மணி வரை, இரைக்குப் பதிலாகத் தூண்டிலில் மாட்டிய முழங்கை நீள மரமீனைத் தண்ணீரில் அடித்து அடித்து, டோயல் பிடித்தது ஒன்றே ஒன்று. அது படகில் விழுந்ததும் மூன்று குஞ்சுமீனைக் கக்கியது.

“சீ, அசிங்கம்” என்று டோயல் இரண்டைக் காலால் தண்ணீரில் தள்ளினான்.

மூன்றாவதை வெல்டா எடுத்துக் கட்டைவிரலோடு வைத்து அளந்தாள். சரியாகக் கட்டைவிரல் நீளம்.

“டோயல், அது இத்துனூண்டு குஞ்சைத் தின்னுட்டிருக்கு. நீ உருட்டுக்கட்டையைப் போடறே.”

“பெரிய மீனுக்குப் பெரிய இரை, கண்ணு. இது உன் பள்ளிக்கூட அடுப்படி இல்ல.”

“பத்து மணிக்கு அணையில தண்ணி விடறாங்களாம். காலையிலயே போன் போட்டுக் கேட்டேன். ஓடை வாய்ல சிப்பி மேடு இருக்கே, அங்க போலாம். தண்ணி இழுத்தா குஞ்செல்லாம் அந்த வழியாத்தான் வரும். பெருசு மேட்டுக்குப் பின்னால வாயைத் திறந்துட்டு நிக்கும்.”

“யாரு சொன்னா உனக்கு?”

“யாரும் சொல்லல. பின்னால நின்னு வேற என்ன பண்றது? தண்ணியத்தான் பாத்துட்டிருக்கேன்.”

டோயல் சிரித்தான். கடைசியில் ஓடை வாய்க்குப் போகத்தான் போனான், அவள் சொன்னதற்காக அல்ல. அவனுக்குப் பசி வந்துவிட்டது, அங்கே பாலத்தின் நிழல் இருந்தது. நங்கூரத்தைப் போட்டுவிட்டு முன்மேடையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பொரித்த போலோனி இறைச்சி வைத்த சாண்ட்விச்சை இரண்டு கையாலும் பிடித்துத் தின்ன ஆரம்பித்தான்.

இரண்டு கையும் வேலையாக இருந்ததால், இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாக, வெல்டாவுக்கு முன்னால் யாரும் தொடாத தண்ணீர் இருந்தது.

தண்ணீர் இழுக்கத் தொடங்கியது. மிதந்த இலைகள் ஒரே பக்கமாகத் திரும்பின. கட்டைவிரல் நீளத்தில் ஒரு வெள்ளை ரப்பர் மீனைக் கோத்து, நீரோட்டத்துக்கு எதிரே வீசி, இழுக்காமல் விட்டாள். அது தானாக மேட்டைத் தாண்டி உருண்டு வந்தது. தட்டென்று ஒரு அடி. தூண்டில் வளைந்து தண்ணீரைத் தொட்டது.

டோயல் துள்ளி எழுந்ததில் சாண்ட்விச் ஆற்றோடு போனது. “தூக்கு! ஏய், தூக்காதே! நரம்பை விடு! விடாதேன்னு சொல்றேன்ல!”

“வாயை மூடிட்டு வலையை எடு” என்றாள் வெல்டா.

எடுத்தான். முதல் தடவை வலை விளிம்பால் மீனின் தலையில் இடித்தான். இரண்டாவது தடவை எப்படியோ உள்ளே விழுந்தது. ஏழே கால் பவுண்டு. அதே மேட்டில் மதியத்துக்குள் இன்னும் மூன்று நல்ல மீன் பிடித்தாள். நடுவில் டோயலும் மரமீனை வீசிப் பார்த்தான், ஒரு புல் கற்றை கிடைத்தது.

துறைக்குத் திரும்பியதும் படகைக் கட்டிப்போட்டு, டோயல் மீன் பையோடு எடை மேடைக்கு ஓடினான். வெல்டா வீட்டுச் சின்ன லாரியையும் படகு ஏற்றும் ட்ரெய்லரையும் கொண்டுவரப் போனாள். ட்ரெய்லரைப் பின்னோக்கி ஓட்ட டோயலுக்கு வராது. அதனால் அது எப்போதும் அவள் வேலை. வரிசையில் நிறுத்திவிட்டு வந்தபோது, டோயல் அந்த மீனை மார்போடு அணைத்துப் போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தான். பெரிய மீன் சீட்டில், பிடித்தவர் பெயர் என்ற இடத்தில், ‘டோயல் ப்ரூயிட்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது.

வெல்டா சீட்டைப் படித்தாள். அவனை ஓரமாக இழுத்தாள்.

“அது என் மீனு.”

“வலையில அள்ளினது யாரு? நானு. படகு யாரோடது? என்னோடது. நீ பலகையில பேரைப் போட்டு என்ன பண்ணப் போறே, சொல்லு?”

அவள் பதில் சொல்வதற்குள், போட்டியை நடத்தும் ராய்ஸ் ஒலிபெருக்கியில் அறிவித்தான். முதலிடம் பிடித்த ஜோடியில் ஒருவர் வழக்கம்போலப் பொய் கண்டறியும் கருவி முன்னால் உட்கார வேண்டும். சீட்டில் எழுதியது பொய்யென்று தெரிந்தால் ஜோடியே வெளியே, மீன் எதுவும் கணக்கில் சேராது. இந்த விதி எல்லாப் போட்டியிலும் உண்டு. ஒரு தடவையாவது ஜெயித்திருந்தால் டோயலுக்குத் தெரிந்திருக்கும்.

யார் போவது என்று காசைச் சுண்டினார்கள். வெல்டா என்று விழுந்தது. டோயலின் முகம் தெளிந்தது.

“நான்தான் பிடிச்சேன்னு மட்டும் சொல்லிடு கண்ணு. நீ சொன்னா மெஷினே நம்பும். அடுத்த வருஷம் உன்னை ஒரு மணி நேரம் முன்னால நிக்க விடறேன்.”

ஒரு மணி நேரம். வெல்டா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

துறையை ஒட்டிய தீயணைப்பு நிலையத்தின் சின்ன அறையில், ஓய்வுபெற்ற போலீஸ்காரர் டில்லார்ட் அவள் விரல்களில் கம்பிகளை மாட்டினார்.

“பயப்படாதீங்க வெல்டா. முதல்ல பொதுவா சில கேள்வி. உங்களை நம்புற ஒருத்தர்கிட்ட எப்பவாவது பொய் சொல்லியிருக்கீங்களா?”

எல்லோரும் இல்லை என்பார்கள், கருவியின் கோடு துள்ளும். அதைப் பார்க்கத்தான் அந்தக் கேள்வியே.

“சொல்லியிருக்கேன்” என்றாள் வெல்டா.

டில்லார்ட் நிமிர்ந்தார். “யார்கிட்ட?”

“அதோ வெளியில பெல்ட்டைப் பிடிச்சுட்டு நிக்கிறானே, அவன்கிட்ட.”

“என்னன்னு?”

“உனக்கு மீன் பிடிக்கத் தெரியும்னு. இருபத்தாறு வருஷமா.”

கோடு ஆடாமல் நேராக ஓடியது. டில்லார்ட் பேனாவைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். “சரி. அந்த ஏழே கால் பவுண்டு மீனைப் பிடிச்சது யாரு?”

இதைச் சொன்னால் தன் மீனும் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். பலகையில் அவன் பெயர், இல்லையென்றால் யாரோ ஒருவன் பெயர். அவள் பெயர் எப்படியும் கிடையாது. அந்த யாரோ ஒருவனாவது தன் மீனைத் தானே பிடித்திருப்பான்.

“நான்” என்றாள்.

கால் மணி நேரத்தில் ராய்ஸ் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டான். சீட்டில் இருந்தது பொய், மீனைப் பிடித்தது வெல்டா, ஜோடி வெளியே. கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள், அப்புறம் எல்லோரும். டோயலின் கழுத்து சிவந்தது.

“என்னடி பண்ணிட்டே? முதலிடம் போச்சு! எல்லாம் போச்சு!”

“ஆமா, போச்சு” என்றாள் வெல்டா. அவளுக்கு அழுகை வந்தது, அந்த மீனுக்காக. அடக்கிக்கொண்டு லாரிச் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். “படகு தண்ணியில கிடக்கு. ஏத்திக்கோ.”

ராய்ஸ் கடை வாசலில் கொதிக்கும் அண்டாவிலிருந்து ஒரு பொட்டலம் அவித்த கடலை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். நாற்பது ஜோடிகள் வரிசையில் காத்திருக்க, டோயல் லாரியைப் பின்னால் எடுத்தான். ட்ரெய்லர் இடப்பக்கம் ஒடிந்தது. முன்னால் போய் மறுபடி எடுத்தான், வலப்பக்கம் ஒடிந்தது. நாலாவது தடவை ஒரு சக்கரம் புல்லுக்குள் இறங்கியது.

“வெல்டா!” என்று ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினான்.

வெல்டா கடலைத் தோலைத் துப்பினாள். “உப்பு கொஞ்சம் கம்மி, ராய்ஸ்” என்றாள்.