மூன்று ‘அருள்நிறைந்த மரியே’ வரை அப்படியே நில்லுங்கள்

யோகா படிப்பிக்கிற வேலையில் காலை மடக்கப் பழக்குவது பெரிய காரியமில்லை, மனத்தை ஓரிடத்தில் இருத்துவதுதான் பாடு. செபமாலையைக் கையில் எடுத்து, முதல் பத்து மணிகள் உருளுவதற்குள் மத்தியானத்துக்கு மீனா முட்டையா என்று யோசித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நீங்களும் என் கட்சிதான். வெட்கப்படாமல் வாசியுங்கள்.

வாசலில் நின்றவள்

இருபத்திரண்டு வருடம் கொள்ளுப்பிட்டியில் ஒரு கப்பல் கம்பனியில் கடிதம் டைப் அடித்தேன். கம்பனி தந்தவற்றில் இன்றுவரை என்னோடு இருப்பது முதுகு நோ ஒன்றுதான். மாத்திரை, தைலம், இடுப்புப் பெல்ட் எல்லாம் பார்த்து அலுத்த பிறகு, கூட வேலை செய்த ஒருத்தி வெள்ளவத்தையில் ஒரு யோகா வகுப்புக்கு வழி சொன்னாள். கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கையில் ஒரு வீட்டு மேல்மாடி. நடத்தியவர் சிவகாமி ரீச்சர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை.

ஏறிப் போய்ப் பார்த்தால் மூலையில் குத்துவிளக்கு, சுவரில் பிள்ளையார் படம். நானோ ஞானஸ்நானம் பெற்ற நாள் முதல் கொட்டாஞ்சேனைக் கோயிலில் வளர்ந்தவள். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே போனால் பாவம், திரும்பிப் போனால் முதுகு. “நான் வேதக்காரி, ரீச்சர். வரலாமோ?” என்று கேட்டேன். அவர் கணக்குப் பிழையாகச் செய்த பிள்ளையைப் பார்ப்பது போல ஒரு பார்வை பார்த்தார். “நான் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கொச்சிக்கடைக் கோயிலுக்குப் போறனான். அந்தோனியார் ஒருநாளும் என்னட்ட ஞானஸ்நானச் சேட்டிபிக்கட் கேக்கேல்லை. செருப்பைக் கீழ வைச்சிட்டு உள்ள வாங்கோ!”

இருபது நிமிடம்

மூன்றாம் மாதம் ரீச்சர் தியானம் தொடங்கினார். “ஆருக்கு எந்தப் பேர் பிடிக்குமோ அந்தப் பேரைப் பிடியுங்கோ, மூச்சோட விடாம பிடியுங்கோ” என்பதுதான் அவர் சொன்ன முழு வேதாந்தம். நான் மூச்சை இழுக்கும்போது ‘இயேசுவே’ என்றேன், விடும்போது ‘இரக்கமாயிரும்’ என்றேன். முதல் சில கிழமைகள் வழக்கம் போல மீனும் முட்டையும் வந்து போயின. பிறகு ஒருநாள் ரீச்சர் கைதட்டி எழுப்பியபோது இருபது நிமிடம் போயிருந்தது, நடுவில் ஒரு கறியும் வரவில்லை. நாற்பத்தொன்பது வயதில் முதல் தடவையாக ஒரு செபத்தைச் செபமாகச் சொல்லியிருந்தேன். பஸ்ஸில் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கொட்டாஞ்சேனை வரைக்கும் அழுதேன். அத்தனை சந்தோசம்.

வீட்டுக்கு வந்து கணவர் அன்ரனிடம் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பேப்பரில் இருந்து தலையைத் தூக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் ஒரு பக்கத்தைப் புரட்டினார். “இருபது நிமிசம் ஒரு யோசினையும் இல்லாம இருந்தனியோ? கலியாணம் கட்டின நாள் தொடக்கம் நான் அப்பிடித்தான் இருக்கிறன், எனக்கு ஆரும் கைதட்டேல்லையே!”

மணிக்கூடு நின்ற மண்டபம்

முதுகு சுகமானது. ரீச்சரிடமே இருந்து படித்து, பரீட்சை எழுதி, நானும் படிப்பிக்கத் தகுதி பெற்றேன். எங்கள் பங்கில் அப்போதிருந்த வயதான பாதர் கோயில் மண்டபத்தைத் தந்தார். திங்கள், புதன், சனி, காலைப் பூசை முடிந்தவுடன் வகுப்பு. செவ்வாய் வைத்தால் ஒருத்தரும் வரமாட்டார்கள், எல்லாரும் கொச்சிக்கடையில் நிற்பார்கள். பதினான்கு பெண்கள் சேர்ந்தார்கள், பாதிப்பேர் பென்சன்காரர்.

மண்டபத்து மணிக்கூடு எந்தக் காலத்திலோ நாலேகாலுக்கு நின்றுபோனது. கைத்தொலைபேசியில் நேரம் வைத்தால் அது அடிக்கிற சத்தத்தில் விழுந்துவிடுகிறார்கள். யோசித்துவிட்டு, “மூன்று அருள்நிறைந்த மரியே வரை அப்படியே நில்லுங்கள்” என்றேன். செபம் சொல்ல எங்கள் ஆட்களுக்குப் பழக்க வேண்டுமா? முதலில் பிலோமினா அக்கா சொன்னார். எங்கள் வட்டாரத்தில் செத்த வீடு என்றால் செபமாலை தொடக்குகிறவர் அவர்தான், கடுகதி ரயில். கையைத் தூக்கி முடிப்பதற்குள் மூன்றும் முடிந்துவிட்டது. அடுத்ததாக ஸ்டெல்லா அன்ரியிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு சொல்லையும் தடவித் தடவி விடுகிறவர். ஒரு முழங்காலை மடக்கி நின்ற பதின்மூன்று பேரின் கால்களும் நடுங்கத் தொடங்கின. இரண்டாவது மரியே பாதியில் நிற்கும்போது பின்வரிசையில் இருந்து பிலோமினா அக்காவின் குரல் வந்தது. “ஸ்டெல்லா, நீ மாதாவைக் கூப்பிடுறியோ, தாலாட்டுறியோ? எங்கட முழங்கால் போகுது!”

பிலோமினா அக்கா கேட்டது

பிறகு ஒரு ஒழுங்கு வைத்தேன். பாதிச் செபத்துக்கு மூச்சு உள்ளே, பாதிச் செபத்துக்கு வெளியே. சத்தம் வேண்டாம், மனத்துக்குள் போதும். கடுகதி ரயிலுக்கு இது பெரிய தண்டனை. மூச்சை முந்திக்கொண்டு ஓட முடியாதே. இரண்டு கிழமை முறைத்துக்கொண்டு வந்தார்.

ஒரு புதன்கிழமை எல்லாரும் கண்மூடி இருக்கையில் அவர் மட்டும் கண்ணைத் திறந்து கொண்டு இருந்தார். கன்னம் ஈரம். வகுப்பு முடிந்து பாயைச் சுருட்டும்போது பக்கத்தில் போனேன். அவருடைய மனுசன் செத்து அப்போது ஆறு மாதம். அந்தச் செத்த வீட்டிலும் அவர்தான் செபமாலை சொன்னவர். என் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார். “எத்தினை செத்த வீட்டில எத்தினை தரம் சொல்லியிருப்பன், ஜெசி? ‘எங்கள் மரண நேரத்திலும்’ எண்டு அதுக்குள்ள இருக்கிறதை இண்டைக்குத்தான் கேட்டனான்.”

டொக்டர் வேணுமா

வகுப்பின் கடைசி ஐந்து நிமிடம் எல்லாரும் மல்லாந்து, கையைக் காலைத் தளர விட்டு, அசையாமல் கிடப்பார்கள். மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற சுனில் அய்யே கதிரை எடுக்க வந்து கதவைத் திறந்தார். பதினான்கு பெண்கள் வரிசையாக விறைத்துக் கிடக்கிறார்கள், நான் ஒருத்தி மட்டும் நடுவில் நிற்கிறேன். மனுசன் சிலுவை அடையாளம் போட்டுவிட்டு, டொக்டரைக் கூப்பிடவா என்று சிங்களத்தில் கேட்டார்: “மிஸ், டொக்டர் கெனெக்ட கதா கரன்னத?”

எல்லாரும் எழும்பிச் சிரித்தார்கள். சிரிப்பின் நடுவே ஒருத்தி, இந்த ஆசனத்துக்கு என்ன பேர் என்று கேட்டாள். நானும் என் வாய்க் கொழுப்பில் ‘சவாசனம்’ என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். முகங்கள் மாறின. கோயில் மண்டபத்தில், தவக்காலம் வரப்போகிற நேரத்தில், சவம் போலக் கிடப்பதா? இரண்டு பேர் பாயை எடுத்துக் கக்கத்தில் வைத்தார்கள். பிலோமினா அக்கா திரும்பவும் நன்றாக நீட்டிப் படுத்துக்கொண்டு, கண்ணை மூடியபடி தீர்த்து வைத்தார். “ஆண்டவரே மூண்டு நாள் அப்பிடித்தானே கிடந்தவர். அஞ்சு நிமிசம் கிடந்தால் உங்களுக்கு என்ன குறைஞ்சு போகும்?”

பாயா, வாசகமா

வயதான பாதர் மாறிப் போய், இளம் பாதர் ஒருவர் வந்தார். கூடவே ஒரு முறைப்பாடும் வந்தது. கொண்டு போனவர் றெஜினோல்ட் அண்ணர், துறைமுகத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர், இப்போது பங்குச் சபையில் பூசை வாசகங்களுக்குப் பொறுப்பு. பதினைந்து வருடமாக ஞாயிறு தமிழ்ப் பூசையில் முதலாம் வாசகம் வாசிக்கிறவள் நான். ‘சவம் போலப் படுக்கப் படிப்பிக்கிறவள் வேதாகமத்தைத் தொடக் கூடாது’ என்பது அவர் வாதம். தவக்கால வாசிப்புப் பட்டியலில் என் பெயர் இல்லை.

உள்ளதைச் சொன்னால், எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. ஞாயிறு வாசகத்தை நான் வெள்ளிக்கிழமையே எடுத்து, மூச்சோடு சேர்த்து, சொல் சொல்லாக மனத்தில் வைத்துக்கொண்டுதான் பீடத்துக்கு ஏறுவேன். அதைப் பழக்கியதே அந்தப் பாய்தான். பாதரிடம் போய் இதைச் சொன்னேன். நல்ல பிள்ளை, முழுக்கக் கேட்டார். ஆனால் முடிவு சொல்லவில்லை. “உயிர்த்த ஞாயிறு முடியட்டும், அன்ரி. யோகாவால உங்கட ஆக்களின்ர பக்தி கூடுதோ குறையுதோ எண்டு கோயில்ல வைச்சு நானே பாக்கிறன். குறைஞ்சால் ரெண்டில ஒண்டை நீங்கள் விடத்தான் வேணும்.”

ஒன்பதாம் ஸ்தலம்

தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை. பதினான்கு ஸ்தலம், பதினான்கு தரம் முழந்தாளிட வேண்டும், பதினான்கு தரம் எழும்ப வேண்டும். முன்னைய வருடங்களில் எங்கள் பெண்கள் ஆறாம் ஸ்தலத்தோடு வாங்கில் உட்கார்ந்துவிடுவார்கள். இந்த முறை வாங்கைப் பிடிக்காமல் இறங்கினார்கள், பிடிக்காமல் எழும்பினார்கள். பாதர் ஒரு கண்ணால் பார்த்ததை நானும் ஒரு கண்ணால் பார்த்தேன். செபத்தில் கவனம் சிதறியதுதான், ஒப்புக்கொள்கிறேன்.

ஒன்பதாம் ஸ்தலம், ஆண்டவர் மூன்றாம் முறை விழுகிறார். எல்லாரும் எழும்பினோம், றெஜினோல்ட் அண்ணர் எழும்பவில்லை. முழங்கால் பிடித்துவிட்டது. கையால் வாங்கைத் தேடினார், எட்டவில்லை. பின்னால் நின்ற பிலோமினா அக்கா குனிந்து, அவருடைய கக்கத்துக்குள் ஒரு கையைக் கொடுத்து, பால்மாப் பெட்டியைத் தூக்குவது போல அலுங்காமல் தூக்கி நிறுத்தினார். அண்ணர் நன்றி சொல்லவில்லை. முன்னால் பார்த்தபடி வாய்க்குள்ளே கேட்டதெல்லாம் ஒன்றுதான். “ஆரும் பாத்தவையோ?”

மீன்காரர் பேக்கரி வைத்த கதை

எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்று நினைத்திருந்தபோதுதான் வினை வந்தது. தவக்காலத்து ஐந்தாம் ஞாயிறு. கள்ளத் தராசு வைத்திருந்து மனம் திரும்பிய வியாபாரி ஒருவரைப் பற்றிப் பாதர் பிரசங்கத்தில் உருக்கமாகச் சொன்னார். தனக்கு நேரே தெரிந்த மனிதர் என்றார். முன்பென்றால் பிரசங்கம் தொடங்கியதும் எங்கள் ஆட்கள் விசிறியும் கொட்டாவியுமாக இருப்பார்கள். இப்போது முதுகை நிமிர்த்தி, மூச்சை ஒழுங்காக விட்டு, பதினான்கு பேரும் ஒரு சொல் விடாமல் கேட்டார்கள்.

பூசை முடிந்து வாசலில் பாதர் கைகொடுத்துக்கொண்டு நின்றார். ஸ்டெல்லா அன்ரி அவருடைய கையைப் பிடித்தார், விடவில்லை. அவரில் ஒரு துளி குறும்பு கிடையாது. உண்மையாகவே அந்த வியாபாரியை நினைத்துக் கவலைப்பட்டுத்தான் கேட்டார், வழக்கம் போல ஒவ்வொரு சொல்லாகத் தடவி. பின்னால் நின்ற மற்றவர்களும் ‘ஓம், ஓம்’ என்று தலையாட்டினார்கள். என் வாசகம் போய்விட்டது, மண்டபமும் போய்விட்டது என்றே நினைத்தேன். ஸ்டெல்லா அன்ரி கேட்டது இது: “பாதர், முதலாம் ஞாயிறு சொல்லேக்க அந்த மனுசன் பேலியகொடையில மீன் வித்தவர். இண்டைக்குப் பேக்கரி எண்டு சொன்னனீங்கள். பாவம், மீன் யாவாரம் சரிவரேல்லையோ?”

தீர்ப்பு

உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த கிழமை பாதர் கூப்பிட்டார். போகும் வழியெல்லாம் இரண்டில் எதை விடுவது என்று யோசித்தேன். எதையும் விட முடியாது என்றுதான் தெரிந்தது. உட்காராமலே சொன்னேன்: “பாதர், எனக்கு இது ரெண்டும் ரெண்டில்லை. அந்தப் பாயில இருந்துதான் நான் செபம் சொல்லப் பழகினனான். அதை விட்டால் வாசகத்தை வாயால மட்டும்தான் வாசிப்பன். அப்பிடி வாசிக்கிறதுக்கு நான் வேண்டாம்.”

பாதர் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. மேசையில் கிடந்த வாசிப்புப் பட்டியலை என் பக்கம் தள்ளினார். அடுத்த ஞாயிறு முதலாம் வாசகத்துக்கு நேரே, றெஜினோல்ட் அண்ணரின் முத்துமுத்தான கையெழுத்தில், என் பெயர் இருந்தது. ஏன், எப்படி என்று நான் கேட்கவில்லை, அண்ணர் இன்றுவரை சொல்லவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கதவுவரை வந்துவிட்டேன். பாதர் பின்னால் கூப்பிட்டார். “அன்ரி, திங்களும் புதனும் தாராளமா நடத்துங்கோ. சனிக்கிழமை வகுப்பை மட்டும் வெள்ளிக்கு மாத்தேலாதோ? உங்கட ஆக்களின்ர அவதானம் ஞாயிறு வரைக்கும் அப்பிடியே நிக்குது.”

யோகா செய்தால் விசுவாசம் கெட்டுவிடுமா என்று இன்னும் என்னைக் கேட்கிறவர்களுக்குப் பதில்: பிரசங்கம் கேட்கிறவர்களுடைய விசுவாசத்துக்கு ஒரு ஆபத்தும் இல்லை, பிரசங்கம் வைக்கிறவர்கள்தான் கொஞ்சம் கவனமாக இருக்க வேண்டும்.