உள்ளே தாழ்ப்பாள் உள்ள கப்பல்

எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் உயர்நிலை நான்கு வரை படித்தவள். சிங்கப்பூரில், பூன் லேயில் ஒரு தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக அட்டைப்பெட்டி ஒட்டுகிறேன். நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் வராது. லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றால்கூட அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பேன். கப்பல் பயணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எதில் சாப்பாடு நன்றாக இருக்கும், எதில் நீச்சல்குளம் பெரியது என்று எழுதுகிறார்கள். தனியாகப் போகிற பெண் எந்தக் கப்பலை எடுப்பது என்று யாராவது என்னைக் கேட்டால், என்னிடம் சொல்வதற்கு இது ஒன்றுதான் இருக்கிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

குவீன்ஸ்டவுனில் மூவறை வீடு. அண்ணன், அண்ணி, நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் ஒரு கொண்டோ அடுக்குமாடியில் இரவுக் காவலர். ஆறு மணிக்குச் சீருடை போட்டுக்கொண்டு கிளம்புவார், காலையில் வந்து தூங்குவார். என் ஷிப்ட் மூன்றரைக்கு முடியும். நான் வீட்டுக்குள் நுழையும்போது மணி நாலரை. அண்ணன் எழுந்து தேநீருக்கு உட்கார்ந்திருப்பார். ஆகவே எனக்கு அடி விழுவதென்றால் நாலரைக்கும் ஆறுக்கும் இடையில்தான் விழும்.

காரணம் பெரிதாக இருக்காது. பேருந்து தாமதம், கைப்பேசியில் பேசிச் சிரித்தது, முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டது. கையால் அடிப்பார், சீருடை பெல்ட்டால் அடிப்பார், ஒருமுறை இஸ்திரிப்பெட்டி ஒயரால். பத்து வருடத்துக்கு முன்னால் நான் என் அறைக்குள் ஓடித் தாழ் போட்டுக்கொண்டேன். கதவை உதைத்தே பெயர்த்துவிட்டார். கீல் இருந்த இடத்தில் மரம் பிளந்து சிராய் சிராயாகத் தொங்கியது. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதில் இடது சுண்டுவிரல் நசுங்கியது. இன்றைக்கும் அது பக்கவாட்டில் திரும்பித்தான் இருக்கிறது. கதவு மறுபடி வரவே இல்லை. அண்ணி ஒரு திரைச்சீலை வாங்கி மாட்டினார்.

மருந்தகத்தில் கேட்டால் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்வேன். மூன்றாவது முறை போனபோது, வழுக்காத தரை ஓடு எப்படிப் போடுவது என்று ஒரு துண்டுப்பிரசுரத்தை மருத்துவர் அக்கறையாகக் கையில் கொடுத்தார்.

தொழிற்சாலையில் எனக்குப் பக்கத்தில் நின்று டேப் ஒட்டுகிற தோழிக்கு மட்டும் தெரியும். நான் சொன்னதில்லை.

“யக்கா, மறுபடியும் பாத்ரூமா?”

“ஆமா.”

“உங்க பாத்ரூமை ஒரு நாள் எனக்குக் காட்டுங்க. செருப்பாலயே நாலு சாத்திட்டு வர்றேன்.”

கப்பல் ஆசை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். நான் ஒரு தடவை ஓடிப் பார்த்திருக்கிறேன். மலேசியாவில், ஜொகூரில் இருக்கும் சித்தி மகள் வீட்டுக்குப் போனேன். இரண்டு மணி நேரம்தான். அண்ணன் எல்லைப் பாலம் தாண்டி வந்துவிட்டார். அந்த வீட்டுப் பிள்ளைகள் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரில் என் தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்து வாசல்வரை இழுத்தார். சோதனைச்சாவடி வரிசையில் நின்றபோது என் உச்சந்தலையிலிருந்து ரத்தம் கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அண்ணன் அதிகாரியிடம் ‘குட் ஆஃப்டர்நூன்’ என்றார். அன்றிலிருந்து என் பாஸ்போர்ட் அவருடைய இரும்பு அலமாரியில்.

பேருந்தில் போகிற ஊருக்கெல்லாம் அவரும் பேருந்தில் வந்துவிடுவார். கப்பல் கிளம்பிவிட்டால் நடுக்கடலில் யாரும் வந்து ஏற முடியாது. இது என் மண்டைக்குள் ஏறியது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஃபேரர் பார்க்கில் காய்கறிக்கடைக்கு மேல்மாடியில் இருக்கும் பயண அலுவலகத்தின் விளம்பரத்தைப் பார்த்தபோது. நாலு நாள். நாலு நாளில் நாலரை மணி நாலு தடவை வரும், எனக்கு ஒன்றும் ஆகாது. திரும்பி வந்த பிறகு விழப்போகும் அடியையும் யோசித்துப் பார்த்தேன். பரவாயில்லை என்று பட்டது.

மூன்று ஞாயிறு அந்தப் படிக்கட்டுவரை போய்த் திரும்பினேன். நாலாவது ஞாயிறு ஏறிவிட்டேன். மேசைக்குப் பின்னால் என் வயதுதான் இருக்கும், ஒரு அம்மா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“எத்தனை பேரு மா?”

“நான் மட்டும்.”

“தனியாவா? கப்பல்காரன் ரூமை ரெண்டு ரெண்டு பேருக்குத்தான் கட்டி வச்சிருக்கான். தனியாப் போனா ஆள் இல்லாத கட்டிலுக்கும் சேர்த்து நீங்கதான் கட்டணும். வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வந்தா லாபம் லா.”

“வீட்டுக்காரர் இல்லை.”

“அதுவும் ஒரு லாபந்தான்,” என்று சொல்லிச் சிரித்துவிட்டு மூன்று படங்களை என் முன்னால் விரித்தார்.

முதலாவது மிகப் பெரியது. பதினைந்து மாடி, சறுக்குமரம், பாட்டுக் கச்சேரி. சாப்பாட்டு மேசையில் எட்டுப் பேரை ஒன்றாக உட்கார வைப்பார்களாம். எட்டுப் பேர் முன்னால் என்னால் சோறு இறக்க முடியாது. இரண்டாவதில் முன்பின் தெரியாத பெண்ணோடு அறையைப் பகிர்ந்துகொள்ளலாம், விலை குறைவு. மூன்றாவது பழைய, சின்னக் கப்பல். ஒற்றை ஆளுக்கென்றே சில அறைகள் கீழ்த்தளத்தில் இருந்தன. ஜன்னல் கிடையாது. சாப்பாட்டைத் தட்டில் வாங்கிக்கொண்டு எந்த மூலையிலும் உட்காரலாம்.

“ஜன்னல் இல்லாம அடைசலா இருக்கும் மா. கடல் பாக்கத்தானே போறீங்க?”

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். “கதவுக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கா?”

“கார்டு குடுப்பாங்க. கார்டு வச்சாத்தான் திறக்கும்.”

“அதில்லைங்க. வெளியில கார்டு வச்சிருக்கறவங்க வந்தாலும் திறக்க முடியாத மாதிரி, உள்ளே இருந்து போடற தாழ்ப்பாள்.”

அவர் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். என் சுண்டுவிரலைப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்து மூன்று கப்பல் கம்பெனிக்கும் ஒவ்வொன்றாகப் பேசினார். முதல் இரண்டில் பேசியவர்களுக்குத் தெரியவில்லை. மூன்றாவதில் ஒரு ஆள் யாரையோ கேட்டுவிட்டு வந்து, இரும்புக் கொண்டி இருக்கிறது, கதவின் உள்பக்கம், கைக்கு எட்டும் உயரத்தில் என்றாராம்.

“இதுவே போதும்,” என்றேன்.

படிவம் கொடுத்தார். பெயர், பிறந்த தேதி எழுதினேன். தொலைபேசி எண் என்ற இடத்தில் என் கை தானாக எட்டு இலக்கங்களை எழுதியது. அது அண்ணனுடைய எண். முதல் வேலையில் சேர்ந்த நாளிலேயே அண்ணன் பக்கத்தில் நின்று அப்படித்தான் எழுத வைத்தார். வங்கி, மருந்தகம், தொழிற்சாலை, நூலக அட்டை, எதிலும் அவர் எண்தான். என் கைப்பையில் எனக்கென்று ஒரு கைப்பேசி இருந்தது. ஆனாலும் படிவம் என்றால் என் கைக்கு அந்த எண்தான் தெரியும். எழுதியது எனக்குத் தெரியவே இல்லை.

பாஸ்போர்ட் வேண்டும் என்றார். வீட்டுக்குப் போய் மூன்று நாள் அந்த அலமாரியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். புதன்கிழமை எனக்கு விடுப்பு. அண்ணன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அண்ணி அலமாரிச் சாவியை அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார். தண்ணீரை அவ்வளவு சத்தமாக அவர் எப்போதும் திறந்துவிட்டதில்லை. ஃபேரர் பார்க் மேல்மாடிக்கு எடுத்துப் போய் நகல் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து பாஸ்போர்ட்டைத் தலையணை உறைக்குள் வைத்தேன்.

மறுவாரம் வியாழக்கிழமை. மணி ஐந்து. அண்ணன் சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். அடுப்பில் அவருடைய தேநீர். நான் பூண்டு தட்டிக்கொண்டிருந்தேன். அவருடைய போன் அடித்தது. கை வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். பயண அலுவலகத்திலிருந்து ஒரு பெண்குரல் என் பெயரைச் சொல்லிக் கேட்டதும், “அவ அண்ணன்தான் பேசறேன், சொல்லுங்க,” என்றார்.

“சார், அந்தக் கப்பல் புக்கிங். தங்கச்சியோடது கன்ஃபர்ம் ஆயிடுச்சு. அவங்க கேட்ட ஒத்தை ரூமே கிடைச்சிருச்சுன்னு சொல்லிடுங்க.”

“எத்தனை பேருக்கு?”

“ஒருத்தருக்குத்தான் சார்.”

“ரொம்ப நன்றி மா,” என்று சொல்லி அண்ணன் போனை வைத்தார். அவர் வெளி ஆட்களிடம் எப்போதும் மரியாதையாகப் பேசுவார்.

“எவன் கூடடி?”

“யாரும் இல்லண்ணே. தனியாத்தான்.”

“கப்பல்ல எவளாவது தனியாப் போவாளா? அம்பது வயசுல உனக்கு எவன்டி கிடைச்சான்?”

முதல் அடி காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் பேசியது ஒரு பக்கமாகத்தான் கேட்டது. அடுத்தது வாயில். உதடு பல்லில் கிழிந்து உப்புக் கரித்தது. கீழே விழுந்தேன். விலாவில் உதைத்தார். அண்ணி வாசலருகில் நின்று, “போதுங்க, வேலைக்கு நேரமாகுது,” என்றார். எப்போதும் அதைத்தான் சொல்வார். அதைச் சொன்னதற்கு அவருக்கும் ஒன்று விழுந்தது.

“பாஸ்போர்ட்டை எங்கடி வச்ச?”

அண்ணன் திரைச்சீலையைப் பிய்த்துக்கொண்டு என் அறைக்குள் போனார். மெத்தையைப் புரட்டினார், துணிகளை வீசினார். தலையணை உறையை உதறும் சத்தம் கேட்டது. நான் மேசையைப் பிடித்து எழுந்து நின்றேன். கையில் பாஸ்போர்ட்டோடு சமையலறைக்கு வந்தார். கிழிக்கப் பார்த்தார், அட்டை தடிப்பாக இருந்ததால் வரவில்லை. தேநீர்ச் சட்டியை ஒரு தள்ளு தள்ளினார். சட்டி உருண்டு என் பாதத்தில் கொதிதேநீர் கொட்டியது. எரிந்துகொண்டிருந்த அடுப்பின் மேல் பாஸ்போர்ட்டைப் பிடித்தார்.

“இப்பப் போடி கப்பலுக்கு.”

சிவப்பு அட்டையின் மூலை சுருங்கிக் கறுத்ததைப் பார்த்தேன். பூண்டு தட்டும் கல்லுலக்கை என் பக்கத்திலேயே இருந்தது. அதை எடுத்து அவர் மணிக்கட்டில் அடித்தேன். நனைந்த குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். பாஸ்போர்ட் கீழே விழுந்தது. அண்ணன் கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பாஸ்போர்ட் என் காலடியில்தான் கிடந்தது. நான் இன்னொரு தடவை ஓங்கித் தோளில் அடித்தேன். முதல் அடி பாஸ்போர்ட்டுக்காக. இரண்டாவது எதற்கும் இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. இதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் நான் எழுதியே இருக்க வேண்டியதில்லை.

மூன்றாவதுக்கும் கை ஓங்கியது. அண்ணன் நல்ல கையால் தலையை மூடிக்கொண்டார். முழங்கை வெளியே தெரிய, முகத்தை உள்ளே இழுத்து, முதுகைச் சுவரோடு ஒட்டி. தரையில் கிடக்கும்போது நான் எப்படிச் சுருண்டுகொள்வேனோ அப்படியே இருந்தது. ஓங்கிய கையை இறக்கினேன். உலக்கையைத் தொட்டியில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன். பூண்டு ஒட்டியிருந்தது, கழுவினேன். அடுப்பை அணைத்தேன்.

யாரோ கதவைத் தட்டினார்கள். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவர். அண்ணி கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு இரும்புக் கதவருகே போனார்.

“ஓகே அங்கிள், ஓகே. பாத்ரூம் வழுக்கிடுச்சு. அவருக்குக் கைல அடி.”

திரும்பி வந்து அண்ணன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். என்னை நிமிர்ந்து பார்க்காமலே, “ஆம்புலன்ஸ் நான் கூப்பிட்டுக்கறேன். நீ கிளம்பு,” என்றார்.

“அண்ணி, நீங்க?”

“கை சரியாக எத்தனையோ வாரம் ஆகும். அதுவரைக்கும் பயமில்ல. போ.”

தைலம் தடவக்கூட நிற்கவில்லை. ஒரு செருப்பு போட்டு, மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு, பாஸ்போர்ட்டைப் போட்ட கைப்பையோடு ரயில் ஏறினேன். பூன் லேயில் தொழிற்சாலைத் தோழி தன் வீட்டுக் கதவைத் திறந்தார். என் வாயைப் பார்த்தார், பாதத்தைப் பார்த்தார்.

“யக்கா, பாத்ரூமா?”

“இல்லை,” என்றேன். “அண்ணன்.”

அவர் என்னை உள்ளே விட்டார். ஒரு அறையைக் காட்டினார். அந்த அறைக்குக் கதவு இருந்தது.

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டு ஃபேரர் பார்க் மேல்மாடிக்குப் போனேன். மூலை கருகிய பாஸ்போர்ட் செல்லாது, புதியது எடுக்க வேண்டும், பயணத்தை அடுத்த மாதத்துக்கு மாற்றலாம் என்று அந்த அம்மா சொன்னார். படிவத்தில் அண்ணன் எண்ணை அடித்துவிட்டு என் எண்ணை எழுதினேன். மனப்பாடமாக இல்லை, கைப்பேசியைப் பார்த்துத்தான் எழுத வேண்டியிருந்தது. படம் எடுக்கும் கடையில், முகத்தில் வீக்கம் வற்றிய பிறகு வரச் சொன்னார்கள். சரி என்று சொல்லிவிட்டு, எதிர்க்கடையில் ஒரு ஜோடிச் செருப்பு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.