ரிசர்வில் இறங்காத பெட்ரோல்

வைட்ஃபீல்டில் உறவினர் வீட்டுக் காதுகுத்து முடிந்து திரும்பும்போதுதான் என் மனைவிக்கு மூச்சிரைப்பு ஆரம்பித்தது. கல்யாணமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளுக்கு ஆஸ்துமா உண்டு என்று தெரியும். இழுப்பு வந்து நான் பார்த்ததில்லை. ஆளரவமில்லாத தோப்புச் சாலையில், என் முதுகுக்குப் பின்னால் அவள் நெஞ்சு கீச்சிடுவது இன்ஜின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. தொம்மலூரில் ஒரு டாக்டர் இருந்தார். அங்கே போய்விட்டால் ஊசி போட்டுவிடுவார்.

வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றது.

ராணுவம் ஏலம் விட்ட பழைய மோட்டார் சைக்கிள் அது. பெட்ரோல் குறைந்தால் டாங்குக்குக் கீழே உள்ள குழாயை ரிசர்வுக்குத் திருப்ப வேண்டும். அடியில் தங்கிய மிச்சம் இறங்கும். திருப்பினேன். உதைத்தேன். மறுபடி உதைத்தேன். உயிர் வரவில்லை. வண்டியை ஆட்டிப் பார்த்தால் உள்ளே பெட்ரோல் சலசலத்தது.

"என்னங்க... ஆச்சு?" ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினாள்.

"ஒண்ணுமில்ல. நீ பேசாத."

பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர் நிறுத்தினார். "அம்மாவ ஏத்துங்க சாமி. தொம்மலூர் வரைக்கும் உட்டுடறேன். மெதுவாத்தான் போவும்."

அவள் என் கையை விடவில்லை. "நீங்க?"

"பின்னாடியே வந்துடறேன். போ."

மாட்டுவண்டி வளைவில் மறைந்தது. டாங்கிலிருந்து வந்து கார்புரேட்டரில் மாட்டியிருந்த டியூபைப் பிடுங்கினேன். ஒரு சொட்டு விழுந்து நின்றுபோனது. காலியாகும் முன்பே நிரப்பிவிடுவது என் பழக்கம்; ரிசர்வைத் திறந்ததே இல்லை. டாங்கின் துருவெல்லாம் ரிசர்வ் துளையில்தான் படிந்து அடைத்திருக்க வேண்டும். டாங்கின் மூடியைக் கழற்றிவிட்டு, டியூபை வாயில் வைத்துத் தம் பிடித்து ஊதினேன். அசையவில்லை. காது அடைக்கும்வரை ஊதினேன். உள்ளே ஏதோ 'களக்' என்றது. வாய் நிறையப் பெட்ரோல். செம்மண் நிறத்தில் துரு கொட்டி, பிறகு தெளிந்து ஓடியது. டியூபை மாட்டி உதைத்தேன். பிடித்துக்கொண்டது.

மாட்டுவண்டியை எட்டியபோது அவள் முழங்காலில் கையூன்றிக் குனிந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. வண்டிக்காரர் தன் தலைத்துண்டை அவிழ்த்து, எனக்குப் பின்னால் உட்காரவைத்த அவளை என் இடுப்போடு சேர்த்துக் கட்டினார். "பாத்து சாமி, பள்ளமிருக்கு."

டாக்டர் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் அவளுக்கு மூச்சு சீரானது. என் பக்கம் திரும்பியவர் முகம் சுளித்தார். "நீங்க என்னத்தக் குடிச்சீங்க?"

"பெட்ரோல் சார்."

கட்டிலில் கிடந்தவள் சிரிக்கப் பார்த்தாள்; இருமல்தான் வந்தது. டாக்டர் இருவரையும் சேர்த்து அதட்டினார். அன்று மோட்டார் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு, ஜட்கா வண்டி பிடித்துத்தான் வீட்டுக்குப் போனோம்.