பூஜைக்குக் கழுவிய எஞ்சின்

1. ஒரே ஒரு ரேஸ்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஆஸ்டின் டவுனில் எங்கள் கராஜைப் பார்த்தால் வாட்டர் சர்வீஸ் என்றுதான் நினைப்பீர்கள். ரிப்பேர் எதுவும் நடக்காது. பூஜைக்கு வண்டியைக் கழுவித் தரச் சொல்லி எல்லாரும் வந்து நிற்பார்கள். நான் ஹெட் மெக்கானிக், கழுவுவது என் வேலை இல்லை. அன்றைக்கு வண்டிகள் தெருமுனை வரை நின்றதால் பிரஷர் கன்னை நானே எடுத்தேன். கொஞ்சம் அலட்டலோடுதான் எடுத்தேன்.

செல்வியின் ஸ்கூல் வேன் உள்ளே வந்தது. ஒக்கலிபுரத்தில் வீடு, சொந்த வண்டி, அவரே ஓட்டுகிறார். அந்த ஒரு வேனை நம்பித்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. சர்வீஸுக்கு எப்போதும் என்னிடம்தான் வருவார்.

ஏர் ஃபில்டரைக் கழற்றித் தூசு ஊதி ஓரமாக வைத்தேன். போன் வந்தது. பேசிவிட்டு வந்து நேரே தண்ணீர் அடிக்க ஆரம்பித்தேன். எஞ்சின் காற்று இழுக்கிற குழாய் வாயைப் பிளந்துகொண்டு இருந்ததை நான் கவனிக்கவே இல்லை.

எஞ்சின் பளபளவென்று ஆனது. "வந்து பாரும்மா, ஷோரூம்ல கூட இப்படி இருக்காது" என்று செல்வியைக் கூப்பிட்டேன். ஸ்டார்ட் பண்ணி ஆக்ஸிலரேட்டரை மிதித்து ஒரு ரேஸ் கொடுத்தேன். டக் என்று ஒரு சத்தம். எஞ்சின் நின்றுவிட்டது.

காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் மேலே வருகிற பிஸ்டன் முட்டிக்கொள்ளும், அதைத் தாங்குகிற கனெக்டிங் ராடு வளையும். மழைக்காலத்தில் எத்தனை கஸ்டமரிடம் இதைச் சொல்லியிருப்பேன்! "தண்ணி நிக்கிற ரோட்டுல எதுக்கு சார் எறக்குனீங்க, இது என்ன படகா?" என்று நக்கல் வேறு அடித்திருக்கிறேன்.

ஓனர் நாகராஜ் சார் வந்து பானெட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏன்ப்பா குமாரு, ஃபில்டர் எங்க?"

பெஞ்ச் மேல் இருந்தது. வண்டி கழுவக் கொண்டுவந்த அத்தனை பேரும் பெஞ்சைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். உடம்பெல்லாம் கூசிப்போனது.

2. எலுமிச்சம்பழம்

அப்போதே பிரித்துப் பார்த்திருக்கலாம். ஆனால் ஸ்பேனர், சாக்கெட் செட் எல்லாம் துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கியாகிவிட்டது. பூஜை முடிகிற வரை அதைத் தொடக் கூடாது என்பது எங்கள் கராஜ் வழக்கம்.

மறுநாள் பூசணிக்காய் உடைத்தோம். ஒவ்வொரு வண்டியும் சக்கரத்தடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பியது. செல்வி சாமந்தி மாலையோடு வந்திருந்தார். அவர் வேனை மட்டும் நாலு பேர் சேர்ந்து தள்ளித்தான் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றினோம். அந்த நாலு பேரில் நானும் ஒருவன். முதுகை வளைத்துத் தள்ளியதில் ஒரு சௌகரியம், அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

அவர் திட்டவே இல்லை. ஒன்று மட்டும் சொன்னார்.

"தசரா லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறக்கிற அன்னிக்கு வாசல்ல என் வண்டி நிக்கணும்ணா. இல்லன்னா வேற வேன் போட்டுக்கறோம்னு ஸ்கூல்ல சொல்லிட்டாங்க. ஒருவாட்டி வேற வண்டி பூந்துட்டா அப்புறம் எனக்கு அந்த ரூட்டு கெடையாது."

அவர் என்னை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

3. மாற்றுவதா, பிரிப்பதா

பூஜை முடிந்த மறுநாள் காலையில் ஓனரிடம் நானே போய்ச் சொன்னேன். "சிவாஜிநகர் குஜரில, அந்தப் பழைய பார்ட்ஸ் கடைல, இதே மாடல் எஞ்சின் இருக்கு சார். எடுத்து மாட்டிடலாம். வேலை சீக்கிரம் முடியும்."

"உன் இஷ்டம். அந்தம்மாவ ஒரு வார்த்த கேட்டுக்கோ" என்றார் அவர்.

செல்வியிடம் அதையே அளந்தேன். ஓடின எஞ்சின் போனால் போகட்டும், அதைவிட நல்லதாகப் போட்டுத் தருகிறேன், செலவு எங்களுடையது என்றேன்.

"அது எவ்ளோ ஓடுன எஞ்சின்?"

"அது தெரியாது. சத்தம் நல்லா இருக்கும்."

"எஞ்சின் நம்பர் மாறுமே. ஆர்டிஓ போகணும், ஆர்சில ஏத்தணும். அது வரைக்கும் புள்ளைங்கள ஏத்திக்கிட்டு எப்டிண்ணா ஓட்டறது?"

ஸ்கூல் வண்டிக்கு இது முதல் கேள்வி. நான் யோசிக்கவே இல்லை.

"என் எஞ்சின்ல என்ன போச்சுன்னு பாத்தீங்களா?"

"இன்னும் பிரிக்கல."

அவர் என்னை நேராகப் பார்த்தார். "பிரிக்காமலே மாத்தணும்னு சொல்றீங்க. வண்டிக்காக மாத்தறீங்களா, உங்களுக்காக மாத்தறீங்களாண்ணா?"

பூஜைக்கு முந்தின நாள் அத்தனை பேர் பார்த்தபோதுகூட இவ்வளவு வெட்கப்படவில்லை. அவர் சொன்னது உண்மை. நான் வளைத்த ராடை என் கண்ணால் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்த எஞ்சின் அப்படியே குஜரிக்குப் போய்விட்டால் போதும் என்று இருந்தேன்.

அன்றைக்கே எஞ்சினைப் பிரித்து, மேல்மூடியான ஹெட்டை இறக்கினேன். மூன்றாவது சிலிண்டரில் பிஸ்டன் மற்றவற்றைவிடக் கீழே நின்றது. ராடு வளைந்திருந்தது. சிலிண்டரின் உள்சுவரில், அதாவது போரில், நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தேன், கீறல் இல்லை. பிளாக் நன்றாக இருந்தது, கிராங்க் ஷாஃப்ட்டும் தப்பித்தது. ஒரு ராடு, ஒரு பிஸ்டன், ரிங்ஸ், பேரிங், கேஸ்கெட், அவ்வளவுதான் வேலை. இதற்குத்தான் முழு எஞ்சினையும் தூக்கி எறியப் பார்த்தேன்.

ஸ்கூல் திறந்த அன்று வேன் போனது.

4. இளைய மெக்கானிக்குகளுக்கு

பிளாக் உடைந்திருந்தால், போரும் கிராங்க்கும் போயிருந்தால் எஞ்சினை மாற்றுங்கள், தப்பில்லை. ஆனால் பிரித்து, அளந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தப்பு உங்களுடையது என்றால் இரண்டு தடவை அளந்து பாருங்கள். வெட்கத்தோடு இருக்கிறவன் எடுக்கிற முடிவு வண்டிக்கு ஆகாது.

செல்வி இப்போதும் எங்களிடம்தான் வருகிறார். போன தடவை ஆயில் மாற்ற வந்தபோது, என் சங்கடம் தெரிந்தோ என்னவோ, ஓனர் வேறு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். செல்வி விடவில்லை.

"குமாரண்ணாவே பாக்கட்டும் சார். சூடு கண்ட பூனை, இனிமே அவர் கைதான் சேஃப்டி."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே சட்டென்று வண்டிக்கடியில் போய்ப் படுத்துவிட்டேன். ஆயில் வடிக்கிற டிரெயின் போல்ட்டைக் கழற்றாமல் வெகுநேரம் சும்மா பிடித்துக்கொண்டே கிடந்தேன்.